ராத்திரி போன் ஆர்டரும் ஒரு மெமோவும்: எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவ இயக்குநர் அவர்களுக்கும் நர்சிங் சூப்பிரண்டு மேடம் அவர்களுக்கும்,

சென்ற வாரம் நம் டெலிமெட்ரி வார்டுக்கு (நோயாளியின் இதய ரிதத்தைத் தூரத்திலிருந்தே மானிட்டரில் பார்க்கும் வார்டு) இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, நைட் டியூட்டியில் இருந்த ஒரு இளம் ஸ்டாஃப் நர்சுக்கு மெமோ. டாக்டர் சொன்ன ஊசியைப் போடாமல் சிகிச்சையைத் தாமதப்படுத்தினார் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்னொன்று சர்க்குலர். அமியோடரோன் லோடிங் (முதலில் ஏற்றும் பெரிய டோஸ்), டில்டியாசெம், மெட்டோபுரோலால், அடினோசின் ஆகிய இதய ரிதத்தைச் சரிசெய்யும் ஊசி மருந்துகளுக்காக இனி நோயாளியை சிசியூவுக்கு, அதாவது இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, மாற்ற வேண்டாம், போன் ஆர்டரின் பேரில் வார்டிலேயே ஸ்டாஃப் நர்ஸ் கொடுக்கலாம் என்கிறது அது. அதன் கடைசி வரியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: இரவில் சென்ட்ரல் மானிட்டரைப் பார்க்க இருந்த டெக்னீஷியன் பணியிடம் நிறுத்தப்படுகிறது.

போட மறுத்தால் மெமோ. போட்டு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் மெமோ எங்களுக்குத்தான் வரும். இன்சார்ஜ் சிஸ்டர் வழியாகப் பேசிப் பார்த்தோம். "மேலே முடிவு பண்ணியாச்சு, ஃபாலோ பண்ணுங்க" என்றுதான் பதில் வந்தது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் யாருடைய பெயரையும் எழுதவில்லை. நோயாளிகள் இங்கே வரப் பயப்பட வேண்டும் என்பதல்ல என் விருப்பம். வந்தவர்கள் பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மெமோவுக்குக் காரணமான அந்த இரவில் நடந்தது இது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, மாரடைப்பு வந்து சிகிச்சை முடிந்து எங்கள் வார்டுக்கு மாற்றப்பட்டவர். நள்ளிரவுக்கு மேல் ரிதம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலைக்கு, மாறியது. ரேட் 150, பிரஷர் 96/60. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். சிஸ்டர் போன் செய்தபோது டியூட்டி டாக்டர் எமர்ஜென்சியில் இன்னொரு நோயாளியோடு இருந்தார். "டில்டியாசெம் 15 ஸ்லோவா ஐ.வி. போட்டுருங்க, வந்துடறேன்" என்றார். சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்தார். இதயத்தின் பம்ப் செய்யும் திறன், அதாவது ஈ.எஃப்., 30 சதவீதம். "சார், ஈ.எஃப். முப்பதுதான் இருக்கு, அவங்களால படுக்க முடியல, ஒருதடவை நேர்ல பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார். ஊசியைப் போடவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, 12 லீட் ஈசிஜி எடுத்து, அவசர மருந்துகளும் கருவிகளும் இருக்கும் க்ராஷ் கார்ட்டைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் வந்தார், பார்த்தார், டில்டியாசெம் ஆர்டரை அடித்துவிட்டு அமியோடரோன் எழுதினார், சிசியூவுக்கு மாற்றச் சொன்னார். அந்த அம்மா சில நாட்களில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

டில்டியாசெம் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். கூடவே இதயத் தசை சுருங்கும் பலத்தையும் குறைக்கும். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு, பிரஷர் நூறுக்குக் கீழே இருக்கும்போது, அதைக் கொடுத்தால் பிரஷர் அடியோடு விழும் ஷாக் நிலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஈ.எஃப். குறைந்து இதயச் செயலிழப்பில் இருப்பவருக்கு இது வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகளே சொல்கின்றன. அந்தப் பெண் செய்தது கீழ்ப்படியாமை அல்ல. படித்த படிப்பை உரிய நேரத்தில் பயன்படுத்தினார். டாக்டர் மேலும் எனக்குக் குறை இல்லை. நான்கு மாடிக்கு இரவில் ஒரே ஆளாக ஓடுகிறவர், எக்கோ ரிப்போர்ட் கண் முன்னால் இல்லாமல் போனில் சொன்னார். நேரில் பார்த்ததும் அவரே மாற்றினார். மெமோ எதனால் வந்தது என்றால், ஆர்டர் சொன்ன நேரத்துக்கும் மருந்து ஏறிய நேரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஆடிட்டில் தெரிந்ததாம். அந்த இடைவெளியில் ஒரு உயிர் தப்பியது ஆடிட் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

சர்க்குலரை எழுதியவர்கள் இந்த மருந்துகளை எப்போதாவது தங்கள் கையால் ஏற்றியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அமியோடரோனையே எடுத்துக்கொள்வோம், எங்கள் வார்டில் அதிகம் வருவது அதுதான். ஆர்டர் ஒரு வரி: 150 மி.கி. 10 நிமிடத்தில், பிறகு நிமிடத்துக்கு 1 மி.கி. வீதம் 6 மணி நேரம், அப்புறம் நிமிடத்துக்கு அரை மி.கி. வீதம் 18 மணி நேரம். இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சிஸ்டர் கவனிக்க வேண்டியவை எத்தனை! மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், நார்மல் சலைனில் கலந்தால் படிந்துவிடும் அபாயம் உண்டு. மேலே ஹெபாரினோ சோடா பைகார்பனேட்டோ ஓடும் அதே லைனில் விடக் கூடாது. இந்த மருந்து கலந்த திரவத்தின் சொட்டு சாதாரணச் சொட்டைவிடச் சிறியது. சொட்டு எண்ணி ஓட்டினால் சேர வேண்டியதில் 30 சதவீதம் வரை குறைவாகப் போகக்கூடும் என்று மருந்தின் கூடவே வரும் குறிப்பில் போட்டிருக்கிறது. அதனால் மருந்தை அளந்து செலுத்தும் பம்ப் இல்லாமல் ஏற்றவே கூடாது. எங்கள் வார்டில் பம்புகள் எத்தனை, அதில் அலாரம் ஒழுங்காக அடிப்பவை எத்தனை என்று பயோமெடிக்கல் பிரிவிடம் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். பம்ப் கிடைக்காத ராத்திரிகளில் சொட்டு எண்ணி ஓட்டச் சொன்னதும் இதே மருத்துவமனைதான்.

எந்த அளவில் கலப்பது என்பது இதைவிடப் பெரிய பிரச்சினை. சில டாக்டர்கள் 900 மி.கி.யை 500 மி.லி. பாட்டிலில் கலக்கச் சொல்கிறார்கள். ஒரு மி.லி.யில் 1.8 மி.கி. இருக்கும். சிலர் 600 மி.கி.யை 50 மி.லி. சிரிஞ்சில் கலந்து சிரிஞ்ச் பம்பில் போடச் சொல்கிறார்கள். அப்போது ஒரு மி.லி.யில் 12 மி.கி. நிமிடத்துக்கு 1 மி.கி. என்றால் மணிக்கு 60 மி.கி. பாட்டில் என்றால் பம்பில் மணிக்கு 33 மி.லி. வைக்க வேண்டும், சிரிஞ்ச் என்றால் 5 மி.லி. போனில் டாக்டர் "அறுபதுல ஓட்டுங்க" என்பார். அவர் சொல்வது மி.கி. அரைத் தூக்கத்தில் இருக்கும் வார்டில், பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு புது சிஸ்டர் அதை மி.லி. என்று வைத்துவிட்டால் பாட்டிலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும். சிரிஞ்சில் என்றால் 12 மடங்கு. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய மருந்து 50 நிமிடத்தில் மொத்தமாக உள்ளே போய்விடும். பிரஷர் விழும், துடிப்பு மந்தமாகும், நின்றும் போகலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அமியோடரோன், மி.லி.க்கு 2 மி.கி.க்கு மேல் அடர்த்தியாக இருந்தால், சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் குழாய்) வழியாகத்தான் போக வேண்டும். டெலிமெட்ரி வார்டில் யாருக்குச் சென்ட்ரல் லைன் இருக்கிறது? எல்லோருக்கும் புறங்கையில் மருந்து ஏற்ற ஒரு சின்ன கான்யூலாக் குழாய்தான். 12 மி.கி. அடர்த்தியில் ஓட்டினால் காலைக்குள் ரத்தக்குழாய் சிவந்து கயிறு மாதிரி கெட்டியாகிவிடுகிறது. "மருந்து போட்டதில் கை வெந்துபோச்சு சிஸ்டர்" என்று காட்டுகிறார்கள். அந்தக் கைகளைத் துடைத்து மருந்து தடவுவதும் நாங்கள்தான். சர்க்குலரில் சிரிஞ்ச் பம்ப் என்று மட்டும் இருக்கிறது, அடர்த்தி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடினோசின் வேறு வகை. உடலில் அதன் ஆயுள் சில விநாடிகள்தான். முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாயில் கான்யூலா இருக்க வேண்டும். 6 மி.கி.யை ஓரிரு விநாடிகளில் தள்ளி, அடுத்த நொடியே 20 மி.லி. சலைனை வேகமாக அடித்து, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் ஈசிஜி காகிதத்தை ஓடவிட வேண்டும், மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். மானிட்டரில் சில விநாடிகள் நேர்கோடு வரும். நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "உயிர் போற மாதிரி இருக்கு" என்பார். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் இறுகிவிடலாம். இதைப் போனில் கேட்டுவிட்டு ஒரே ஆளாக ஒரு சிஸ்டர் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 6 மி.கி.க்கு அடங்காவிட்டால் அடுத்தது 12 மி.கி. அந்த முடிவையும் யார் எடுப்பது?

மாத்திரைதானே, அதில் என்ன ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் சின்ன மாத்திரை. கொடுக்கும் முன் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். லேசிக்ஸ் என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்து போய்க்கொண்டிருப்பவருக்குப் பொட்டாசியம் குறையும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷமாகும், கிட்னி சரியில்லை என்றால் உடம்பிலேயே தங்கிவிடும். அரளி நஞ்சும் இதே இனம்தான். தமிழ்நாட்டில் எமர்ஜென்சியில் வேலை பார்த்த எந்த சிஸ்டரும் அந்த நஞ்சு ஒரு இதயத்தை என்ன பாடு படுத்தும் என்று பார்த்திருப்பார். அப்படியிருக்க நம் வார்டில் காலை மருந்து எட்டு மணிக்கு, பொட்டாசியம் ரிப்போர்ட் வருவது பத்து மணிக்கு மேல். வாரத்துக்கு 5 நாள் மட்டும் டிகாக்சின் என்று எழுதும் வழக்கம் வேறு இருக்கிறது. எந்த இரண்டு நாள் இல்லை என்பது சார்ட்டில் ஒருவிதமாகவும் நோயாளியின் பழைய சீட்டில் ஒருவிதமாகவும் இருப்பதை நானே பலமுறை பிடித்திருக்கிறேன்.

சோட்டலால் என்ற ரிதம் மாத்திரை ஆரம்பிக்கும் நோயாளியை மூன்று நாளாவது மானிட்டரில் வைத்து க்யூ.டி. (ஈசிஜியில் கீழறைகள் சுருங்கத் தொடங்கி மீண்டும் தயாராகும் வரையிலான நேரம்; மிக நீண்டால் ரிதம் ஆபத்தாக மாறலாம்) அளக்க வேண்டும், அது 500 மில்லி செகண்டைத் தாண்டினால் அடுத்த டோஸ் கிடையாது. வாந்தி என்றதும் வழக்கமாக எழுதும் ஆன்டன்செட்ரானும் சளிக்கு எழுதும் அசித்ரோமைசினும் அதே க்யூ.டி.யை நீட்டும். இதை யார் அளப்பது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. தெரிந்த சிஸ்டர் அளக்கிறார், தெரியாதவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதய ரிதத்தைச் சரிசெய்யும் மருந்தே ரிதத்தைக் கெடுக்கவும் செய்யும் என்பது நர்சுகள் கிளப்பும் பயம் இல்லை. அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே எகிறும் துடிப்புகளை அடக்க ஃப்ளெகனைடும் என்கனைடும் கொடுத்துப் பார்த்தார்கள். துடிப்புகள் அடங்கின. ஆனால் அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். 1989இல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்தே நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் ரிதம் மருந்துகளைப் பல இடங்களில் அதிக ஆபத்துள்ள மருந்துகள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம் மருத்துவமனையிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது, மருந்து அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. தரச்சான்றுக்கு ஆய்வு வரும் வாரத்தில் புதிதாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறோம். இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இரவில் அந்த இரண்டாவது ஆள் எங்கே?

ஒரு சிஸ்டருக்கு எட்டு, ஒன்பது நோயாளிகள். ஒருவர் பாத்ரூம் போக வேண்டும் என்பார், ஒருவரின் அட்டெண்டர் பில் பற்றிக் கேட்பார், அட்மிஷன் ஒன்று மேலே வரும். 10 நிமிட லோடிங்கின்போது கட்டிலை விட்டு நகராமல் பிரஷர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 10 நிமிடம் மற்றவர்களுக்கு யாரும் இல்லை. டெலிமெட்ரி என்றால் பெட்டியை மாட்டிவிட்டால் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு எண்ணம் மேலிடத்தில் இருக்கிறது. மெஷின் கூப்பிடும், அவ்வளவுதான். வியர்வையில் ஸ்டிக்கர் கழன்றாலும் கூப்பிடும், பேட்டரி தீர்ந்தாலும் கூப்பிடும், திரும்பிப் படுத்தாலும் கூப்பிடும். அடிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்று அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013இல் எச்சரித்தது. மூன்றரை ஆண்டுகளில் அலாரம் தொடர்பாகத் தங்களுக்கு வந்த 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்றும் சொன்னது. நூறு பொய் அலாரத்துக்கு நடுவில் நிஜமான ஒன்றைப் பிரித்தெடுக்கத்தான் அந்த டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். அவரை எடுத்துவிட்டு, அதே இரவில் ஆபத்தான மருந்துகளைக் கூட்டுகிறீர்கள்.

"வெளிநாட்டில் நர்சுகளே இதையெல்லாம் கொடுக்கிறார்களே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான், கொடுக்கிறார்கள். நம்மிடம் படித்து, நம்மிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்களே அங்கே போய்க் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் டெலிமெட்ரி வார்டில் ஒரு நர்சுக்கு 4 நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2008 முதல் விதியே இருக்கிறது. நிறுத்த வேண்டிய அளவுகள் எழுதப்பட்ட புரோட்டோகால், அளவு ஏற்கெனவே பதியப்பட்ட பம்ப், மானிட்டருக்குத் தனி ஆள், கூப்பிட்டால் ஓடி வரும் குழு, எல்லாம் சேர்ந்துதான் அங்கே அந்தக் கைக்குத் துணை நிற்கின்றன. போன் ஆர்டரில் குழப்பம் வருவது அங்கேயும் தெரிந்ததுதான். அம்ரினோன் என்ற மருந்தின் பெயர் அமியோடரோன் என்று காதில் விழுந்து தவறுகள் நடந்ததால், 2000இல் அந்த மருந்தின் பெயரையே அமெரிக்காவில் மாற்றினார்கள். அங்கேயிருந்து வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு பாதுகாப்பை விட்டுவிடுவது நியாயமா?

சிசியூ கட்டில்கள் போதவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். எமர்ஜென்சியில் காத்திருக்கும் குடும்பங்களை நாங்களும் பார்க்கிறோம். இந்த மருந்துகளை வார்டில் கொடுக்கவே மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பல வருடமாக இதய நோயாளிகளோடு இருக்கிறவர்கள் நாங்கள். ஒரு ஈசிஜி ஓட்டத்தைப் பார்த்ததும் முதலில் எழுந்து ஓடுவது நாங்கள்தான். எங்களால் பத்திரமாகக் கொடுக்க முடியும். அதற்குத் தேவையானதைக் கேட்கிறேன்.

முதலில் அந்த மெமோவை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள், அவருடைய பைலிலிருந்து எடுங்கள். ஒரு நர்ஸ் காரணம் சொல்லி, டாக்டருக்குத் தெரிவித்து, ஒரு டோஸை நிறுத்திவைத்தால் அதற்காக நடவடிக்கை கிடையாது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு சர்க்குலர் வேண்டும். தவறுகளையும் தவற இருந்தவற்றையும் நாங்கள் பயமில்லாமல் எழுதித் தர அப்போதுதான் முடியும்.

புதிய சர்க்குலரை இப்போதே நிறுத்திவையுங்கள். அடினோசினும், எந்த ரிதம் ஊசியின் முதல் டோஸும், டாக்டர் கட்டில் அருகே இருக்கும்போது மட்டுமே என்று மாற்றி எழுதுங்கள். போன் ஆர்டர் தவிர்க்க முடியாத நேரத்தில், திருப்பிப் படித்துக் காட்டி, மி.கி.யா மி.லி.யா என்று சொல்லி உறுதிசெய்வது இரண்டு பக்கமும் கட்டாயமாக இருக்கட்டும்.

அமியோடரோனுக்கு மருத்துவமனை முழுவதும் ஒரே அடர்த்தி வேண்டும். கையின் சிறிய ரத்தக்குழாயில் போகக்கூடிய அடர்த்தி. ஃபார்மசி அதன் மி.லி. கணக்கை அச்சடித்த லேபிளோடு அனுப்பட்டும். பம்ப் இல்லை என்றால் மருந்தும் இல்லை, நோயாளி சிசியூவுக்குப் போக வேண்டும்.

இதய மருத்துவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு மருந்துக்கும் எந்தப் பல்சில், எந்தப் பிரஷரில், எந்த க்யூ.டி.யில், எந்தப் பொட்டாசியத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். டிகாக்சின் நேரத்தைப் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்த பிறகு என்று மாற்றுவதற்குச் செலவே இல்லை, அதை நாளைக்கே செய்யலாம்.

இரவு மானிட்டர் டெக்னீஷியனைத் திரும்பக் கொண்டு வாருங்கள். டெலிமெட்ரியில் எந்த ஷிஃப்டிலும் ஒரு சிஸ்டருக்கு 4 நோயாளிகளுக்கு மேல் வேண்டாம். லோடிங் ஓடும் நேரத்தில் அந்த சிஸ்டருக்கு வேறு நோயாளியே வேண்டாம். இதய அவசர சிகிச்சைக்கான ஏ.சி.எல்.எஸ். பயிற்சியை டியூட்டி நேரத்தில், மருத்துவமனைச் செலவில் கொடுங்கள். இப்போது பாதிப் பேர் சொந்தச் சம்பளத்தில் லீவு போட்டுப் போய்ப் படிக்கிறார்கள்.

இவற்றுக்கு 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம், நோட்டீஸ் போர்டில் எல்லோரும் பார்க்கும்படி. பேச அழைத்தால் எந்த ஷிஃப்ட் முடிந்தும் வருகிறோம். மெமோ வாங்கிய அந்த சிஸ்டரும் அந்தக் கூட்டத்தில் எங்களோடு உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
டெலிமெட்ரி வார்டின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ்